இருபத்தொன்றும் இருபத்துமூன்றும்

தேய்ந்துபோன கியர் பாக்ஸ் முதல் கியரில் முனகும், இரண்டில் உறுமும், மூன்றில் ஊளையிடும். நாலாவது கியருக்குப் போனதும் சட்டென்று அடங்கிவிடும். வண்டி ஓட்டுகிறவர்கள் பலர் அந்த அமைதியைக் கேட்டு நிம்மதி அடைகிறார்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்பதை மிகச் சரியாகக் காட்டிக்கொடுப்பதும் அந்த அமைதிதான்.

பழைய ஐந்து கியர் ஜீப்புகளின் கியர் பாக்ஸைப் பிரித்தால் ஒரே நேர்கோட்டில் இரண்டு ஷாஃப்டுகள் தெரியும். முன்னால் இருப்பது கிளட்சிலிருந்து சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்ட். பின்னால் இருப்பது சக்கரங்களை நோக்கி அதை அனுப்பும் மெயின் ஷாஃப்ட். இரண்டுக்கும் கீழே, இணையாக, லே ஷாஃப்ட் கிடக்கிறது. முதல் மூன்று கியர்களில் விசை இன்புட்டிலிருந்து லே ஷாஃப்டுக்கு இறங்கி, வேறொரு பற்சக்கரத்தின் வழியாக மெயின் ஷாஃப்டுக்கு ஏறுகிறது. நாலாவதில் இந்த இறக்கமும் ஏற்றமும் இல்லை. இன்புட்டும் மெயினும் நேரடியாகப் பூட்டிக்கொண்டு ஒரே ஷாஃப்டாகச் சுழல்கின்றன. லே ஷாஃப்ட் அப்போதும் சுழன்றுகொண்டுதான் இருக்கும், ஆனால் எதையும் சுமக்காமல். சுமை நீங்கியதும் ஓசை நின்றால், தேய்மானம் லே ஷாஃப்டின் பேரிங்குகளிலோ பற்களிலோதான் இருக்கிறது.

காதை இன்னும் கொஞ்சம் பழக்கிக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கிளட்சை விட்டிருக்கும்போது வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸின் முகப்பில் இருக்கும் இன்புட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங், அல்லது என்ஜினின் கிராங்க் முனைக்குள் உட்கார்ந்திருக்கும் பைலட் பேரிங். கிளட்ச் பிடித்திருக்கும்வரை கிராங்கும் இன்புட் ஷாஃப்டும் சேர்ந்தே சுழல்வதால், நடுவில் இருக்கும் பைலட் பேரிங்குக்கு வேலையே இல்லை. மிதித்துப் பிரித்த பிறகுதான் அது உருள்கிறது. இந்தச் சோதனைகளுக்கு ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம்.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் வண்டி அமெரிக்கத் தயாரிப்பான ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே. கியர் பாக்ஸை மாற்றுவதில் உள்ள இயற்பியலை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு வண்டியைச் சொல்வது கடினம். 1984 மாடலாக அறிமுகமான இந்த வண்டிக்கு 1987இல் 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின் வந்தது. 173 குதிரைத்திறன், சுமார் 298 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அப்போது ஜீப்பைத் தயாரித்துவந்தது அமெரிக்கன் மோட்டார்ஸ். இந்த என்ஜினோடு கையால் கியர் மாற்றும் செரோக்கிகளுக்கு அது பிரான்ஸின் பெஜோ நிறுவனத்திடமிருந்து பிஏ-10/5 என்ற ஐந்து கியர் பெட்டியை வாங்கிப் பொருத்தியது. 4.2 லிட்டர் என்ஜின் கொண்ட ரேங்ளருக்கும் அதே பெட்டிதான். 1987இலேயே அமெரிக்கன் மோட்டார்ஸ் கிரைஸ்லரின் கைக்குப் போனது. 1989இன் நடுவில் பெஜோ பெட்டிக்குப் பதிலாக ஜப்பானின் ஐசின் தயாரித்த ஏஎக்ஸ்-15 வந்து, 1999வரை நீடித்தது. ஆக, இரண்டரை ஆண்டுக் காலத்து ஜீப்புகள் மட்டும் ஒரு பலவீனமான கியர் பாக்ஸுடன் உலகில் விடப்பட்டன. அவற்றில் பெஜோவைக் கழற்றிவிட்டு ஐசினைப் பொருத்துவது ஜீப் பிரியர்களிடையே வழக்கமாகிவிட்டது.

பெஜோ பெட்டி கார்களுக்காக உருவான பரம்பரையைச் சேர்ந்தது. கார்களில் அது நன்றாகவே உழைத்தது. ஜீப்பில் ஏன் தளர்ந்தது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட வேண்டும்.

ஏஎக்ஸ்-15இன் முதல் கியர் விகிதம் 3.83. என்ஜின் தரும் 298 நியூட்டன் மீட்டர் அதில் சுமார் 1,140 ஆகப் பெருகி வெளியே வருகிறது. அந்த உபரி 842 நியூட்டன் மீட்டரை யார் தாங்குகிறார்கள்? நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, வெளியே போகும் முறுக்குக்கும் உள்ளே வந்த முறுக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெட்டியின் ஓடுதான் எதிர்த்திசையில் தாங்கியாக வேண்டும். நாம் உறை என்று நினைக்கும் அந்த அலுமினிய வார்ப்பு முதல் கியரில் தன்னைத் திருகப் பார்க்கும் விசையோடு மல்லுக்கு நிற்கிறது. நாலாவது கியரில் உள்ளே வந்ததே வெளியே போவதால் வித்தியாசம் பூஜ்யம், ஓட்டுக்கும் ஓய்வு.

முறுக்கோடு இன்னொரு விசையும் இருக்கிறது. பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது, அந்தத் தள்ளல் முழுவதும் சுழற்சியின் திசையில் போவதில்லை. பல்லின் முகம் பொதுவாக 20 பாகை சாய்ந்திருப்பதால், தொடு விசையில் ஏறத்தாழ 36 சதவீதம் இரண்டு ஷாஃப்டுகளையும் எதிரெதிர்ப் பக்கமாகப் பிரித்துத் தள்ளுகிறது. லே ஷாஃப்டில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு இருக்கிறது, அதன் முதல் கியரின் ஆரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல்லின்மேல் வரும் தொடு விசை 16,700 நியூட்டன். ஷாஃப்டுகளைப் பிரிக்கும் பங்கு 6,000 நியூட்டனைத் தாண்டும். அறுநூறு கிலோ எடையை அந்த இரண்டு ஷாஃப்டுகளுக்கும் நடுவில் திணிப்பது போன்றது இது. பாறையில் ஏறும் ஜீப், பிடி கிடைக்காமல் சுழன்ற சக்கரம் திடீரென்று பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், இதைவிடப் பெரிய அதிர்ச்சியைக் கொடுக்கும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பெட்டிகளின் ஓட்டையும் பாருங்கள். பிஏ-10/5இன் ஓடு நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப்பட்டு போல்ட்டுகளால் சேர்க்கப்பட்டது. பேரிங்குகள் உட்காரும் துளைகள் இரண்டு அரைவட்டங்களாகப் பிரிந்து, மூடும்போது ஒன்றுசேர்கின்றன. தொழிற்சாலைக்கு இது வசதி: கியர்கள் மாட்டிய ஷாஃப்டுகளை அப்படியே ஒரு பாதியில் படுக்கவைத்து, மறுபாதியால் மூடிவிடலாம். ஆனால் அரைவட்டங்களின் பொருத்து வாயில் விறைப்பு குறைவு. ஓடு நெளிந்தால் ஷாஃப்டுகளின் இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் பற்கள் முழு ஆழத்துக்குக் கடிக்காமல் நுனியோடு நுனி சுமை தாங்கும், தேய்மானம் விரையும். ஏஎக்ஸ்-15இல் முன் ஓட்டுக்கும் பின் ஓட்டுக்கும் நடுவே ஒரு தடித்த தட்டு இருக்கிறது. ஷாஃப்டுகளின் நடுப் பேரிங்குகள் அந்தத் தட்டில் குடைந்த முழுவட்டத் துளைகளில் அமர்கின்றன. முழு வளையத்தைப் பிளப்பது கடினம். டொயோட்டாவின் சூப்ரா டர்போ காருக்கும் நாற்சக்கர இயக்க பிக்கப்புகளுக்கும் போன ஆர் வரிசைப் பெட்டிகள் இதன் நெருங்கிய உறவுகள். ஜீப்பின் முறுக்கு அந்தக் குடும்பத்துக்குப் பெரிய சுமையாக இருக்கவில்லை.

வலிமையான பெட்டி கிடைத்துவிட்டது, இனி மாட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். கியர் பாக்ஸின் உட்புறத்தைத் தொழிற்சாலை முடிவு செய்துவிட்டது, அதில் நாம் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. பொருத்துகிறவரின் திறமையும் புதிய பெட்டியின் ஆயுளும் தீர்மானமாவது அது என்ஜினோடும் கிளட்சோடும் டிரான்ஸ்ஃபர் கேஸோடும் சந்திக்கும் எல்லைகளில். மாற்றுப் பெட்டி சில மாதங்களில் மீண்டும் கத்தத் தொடங்கினால் பெட்டியைக் குறை சொல்வார்கள். எல்லைகளை அளந்து பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

முதல் எல்லை என்ஜின் பக்கம். இன்புட் ஷாஃப்டின் நுனி கிராங்கின் மையத்தில் உள்ள பைலட் பேரிங்குக்குள் நுழைகிறது. பழைய ஏஎக்ஸ்-15களில் அந்த நுனியின் விட்டம் சுமார் 15 மில்லிமீட்டர், பிந்தியவற்றில் 19. கழிவு வண்டியிலிருந்து வாங்கிய பெட்டியின் நுனியை வெர்னியரால் அளந்த பிறகே பேரிங் வாங்க வேண்டும். பெட்டியின் ஆண்டை மட்டும் நம்பி வாங்கக் கூடாது, முப்பது வருடங்களில் யார் எதை மாற்றினார்களோ!

அடுத்தது மையம். கிராங்கின் சுழல் அச்சும் இன்புட் ஷாஃப்டின் சுழல் அச்சும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். இவற்றை ஒன்றாக்குவது பெல் ஹவுசிங், கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ வார்ப்பு. என்ஜினின் பின்முகத்தில் இரண்டு டவல் பின்கள் அதன் இடத்தை நிர்ணயிக்கின்றன. இரண்டு மையங்களும் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்பது கவனமான பட்டறைகள் கடைப்பிடிக்கும் வரம்பு. அச்சுத் தாளின் தடிமனைவிடச் சற்றே அதிகம். ஃபிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கையால் கிராங்கைச் சுற்றி, ஹவுசிங்கின் துளை விளிம்பில் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கலாம். கேஜ் காட்டும் மொத்த ஆட்டம் விலகலைப் போல இரண்டு மடங்கு என்பதை மறக்கக் கூடாது. வேறு வண்டியிலிருந்து வந்த ஹவுசிங்கை அளக்காமல் மாட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் நுனி பைலட் பேரிங்கை ஒரு பக்கமாக அமுக்கும், கிளட்ச் தட்டின் நடு வளையம் தேயும், கியர் தானாக விலகிக் கழன்றுகூட வரும். பெரும்பாலான ஹவுசிங்குகள் சரியாகவே இருக்கின்றன. அதனாலேயே யாரும் அளப்பதில்லை.

ஃபிளைவீலில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. இந்த என்ஜினில் கிராங்கின் நிலையை அறியும் சென்சார் பெல் ஹவுசிங்கின் மேல்புறத்தில் அமர்ந்து, ஃபிளைவீலின் ஓரத்தில் உள்ள வெட்டுகளை எண்ணுகிறது. எப்போது எரிபொருளைத் தெளிப்பது, எப்போது தீப்பொறி விடுவது என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. 1990வரை வந்த என்ஜின்களின் கட்டுப்பாட்டு முறை வேறு, 1991இலிருந்து வந்தவற்றின் முறை வேறு. பிந்தையதில் நான்கு நான்காக மூன்று கூட்டம், ஆக 12 வெட்டுகள். 1988 வண்டியில் 1995 ஃபிளைவீலை மாட்டினால், கணினிக்குப் புரியாத கணக்கை சென்சார் சொல்லும். என்ஜினுக்கு உரிய ஃபிளைவீலை அப்படியே வைத்து, முகத்தை மட்டும் கடைந்து சீராக்கிக்கொள்வதுதான் சரி. கழற்றும்போது முதலில் அந்தச் சென்சாரை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை இறக்கும்போது நசுங்கும்.

கிளட்சைப் பிரிக்கும் ஏற்பாட்டைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. தொடக்க காலத்து ஏஎக்ஸ்-15களில், பெஜோவில் இருந்தது போலவே, மிதியின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியாக வாங்கிக் கிளட்சைப் பிரிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஹவுசிங்குக்கு உள்ளே, இன்புட் ஷாஃப்டைச் சுற்றி ஒரு வளையமாக இருந்தது. அது கசிந்தால் கியர் பாக்ஸ் முழுவதையும் இறக்கியாக வேண்டும். ஒரு சிறிய ரப்பர் சீலுக்காக இரண்டு நாள் வேலை! 1994 முதல் சிலிண்டர் ஹவுசிங்குக்கு வெளியே வந்தது, உள்ளே ஒரு நெம்பு ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. மாற்றுவது என்று இறங்கிவிட்டால், வெளி சிலிண்டருக்கான பெல் ஹவுசிங்கையே தேடிப் பிடிக்க வேண்டும், செலவு சற்றுக் கூடினாலும். புதிய குழாயில் காற்றுக் குமிழ் தங்காதபடி வெளியேற்றுவதும் முக்கியம். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். மிதியின் பயணம் காற்றை அமுக்குவதில் வீணானால் கிளட்ச் பாதிதான் பிரியும். அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

பின் எல்லையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கியர் பாக்ஸின் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பகிர்வதும், லோ ரேஞ்சில் முறுக்கை இன்னும் 2.72 மடங்காக்குவதும் அதன் வேலை. கியர் பாக்ஸின் வெளி ஷாஃப்ட் அதன் உள்ளீட்டு கியருக்குள் ஸ்ப்ளைன்கள் வழியாகச் செருகிக்கொள்கிறது. ஷாஃப்டின் நீளத்தில் வெட்டிய பல்வரிசைதான் ஸ்ப்ளைன். பெஜோ பெட்டியில் அவை 21. ஏஎக்ஸ்-15இல் 23. இரண்டு பற்களின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கையில் மட்டும் தெரியும்: நுழையாது.

அரம் கொண்டு ராவியோ, சுத்தியலால் தட்டியோ இதைச் சமாளிக்க முடியாது. ஸ்ப்ளைனின் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதுதான் அதன் வலிமை. முதல் கியரும் லோ ரேஞ்சும் சேரும்போது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து 3,100 நியூட்டன் மீட்டர் வெளியேறும், 3.07 விகித அச்சைத் தாண்டும்போது சக்கரங்களில் மொத்தம் 9,500 ஆகும். இந்தச் சங்கிலி முழுவதும் அந்த 23 பற்களைக் கடந்துதான் போகிறது. வழி இரண்டு. ஒன்று, வண்டியில் இருக்கும் என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து, உள்ளீட்டு கியரை மட்டும் 23 ஸ்ப்ளைன் உள்ளதாக மாற்றுவது. மற்றது, கியர் பாக்ஸ் வந்த வண்டியிலிருந்தே டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஜோடியாக வாங்குவது. நான் இரண்டாவதையே சொல்வேன். ஒன்றாக உழைத்த இரண்டும் ஒன்றாக வந்தால் பொருத்தம் பற்றிய கேள்வி எழுவதில்லை. ஜோடியாக வாங்கினால் ஸ்பீடோமீட்டரை ஓட்டும் சிறு பற்சக்கரத்தைப் பழைய கேஸிலிருந்து எடுத்துப் புதியதில் போட வேண்டும். அதன் பற்களின் எண்ணிக்கை உங்கள் வண்டியின் அச்சு விகிதத்துக்கும் டயர் அளவுக்கும் ஏற்றது.

இனி ஏற்றும் வேலை. வண்டி உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. பழைய கிளட்சின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பெல் ஹவுசிங்கின் மேல் இரண்டு போல்ட்டுகள் நட்சத்திரத் தலை கொண்டவை, ஈ-12 சாக்கெட் வேண்டும். என்ஜினின் பின்புறம் முன்சுவரை ஒட்டியிருப்பதால் மேலிருந்து கை போகாது. குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, கியர் பாக்ஸின் வாலைத் தாழ்த்தி, நீளமான எக்ஸ்டென்ஷன்களைக் கோத்து, பெட்டியின் முதுகுக்கு மேலாகப் பின்னாலிருந்துதான் எட்ட வேண்டும்.

புதிய பெட்டியை ஏற்றும்போது ஒரு விதியை மீறவே கூடாது: கடைசிச் சென்டிமீட்டரை போல்ட்டால் இழுக்காதீர்கள். மையமாக்கும் கருவியால் கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தியிருந்து, பெட்டியின் சாய்வும் என்ஜினின் சாய்வும் ஒன்றானால், ஷாஃப்ட் கையால் தள்ளியே முழுதாக உள்ளே போய் ஹவுசிங்கின் முகம் என்ஜினோடு ஒட்டிவிடும். ஒட்டவில்லையென்றால் ஏதோ ஒன்று தவறான அளவில் இருக்கிறது, அல்லது நுனி பைலட் பேரிங்கின் விளிம்பில் முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் போல்ட்டை முறுக்கினால் பேரிங் நசுங்கும் அல்லது அலுமினியக் காது உடையும். பெட்டியை ஷாஃப்டின்மேல் தொங்கவிட்டு இளைப்பாறவும் கூடாது. முழு எடையும் கிளட்ச் தட்டின் நடுவளையத்தில் நெம்புகோலாக இறங்கி, மெல்லிய தட்டை வளைத்துவிடும். வளைந்த தட்டு ஒருபோதும் முழுதாகப் பிரியாது.

பெட்டியைத் தாங்கும் மவுண்ட் பெஜோவுக்கு வேறு, ஐசினுக்கு வேறு. இது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தையும் பாதிக்கும் விஷயம். ஷாஃப்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயிண்டுகள் இருக்கின்றன. கோணத்தில் வளைந்து சுழலும் ஒற்றை ஜாயிண்ட் சீராகச் சுழற்றாது: 10 பாகைக் கோணத்தில், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, வெளிவரும் வேகம் ஒன்றரை சதவீதம் கூடியும் குறைந்தும் தள்ளாடும். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றது அழித்துவிடும். மவுண்டின் உயரத்தை மாற்றிவிட்டுக் கோணத்தை அளக்காமல் விட்டால், வேகத்தில் தரை நடுங்கும், எல்லோரும் சக்கர பேலன்ஸைக் குறை சொல்வார்கள்.

கடைசியாக எண்ணெய். இரண்டாவது கியருக்கு மாறும் கணத்தைப் பாருங்கள். என்ஜின் 3,000 சுற்றில் ஓட, விகிதம் 3.83இலிருந்து 2.33க்கு இறங்குகிறது. வண்டியின் வேகம் அதேதான் என்பதால் இன்புட் ஷாஃப்ட் 1,825 சுற்றுக்குத் தணிந்தாக வேண்டும். கிளட்ச் தட்டு, இன்புட் ஷாஃப்ட், லே ஷாஃப்ட், எல்லாவற்றின் சுழல் வேகத்திலும் ஏறத்தாழ 40 சதவீதத்தை நொடியின் ஒரு பகுதிக்குள் உறிஞ்சுவது சிங்க்ரோ வளையம் என்னும் மெல்லிய பித்தளைக் கூம்பு. ஏர்ல் தாம்சன் வடிவமைத்து 1928இல் காடிலாக் கார்களில் வந்த யோசனையின் வாரிசு அது. ஆறேழு பாகைச் சாய்வுள்ள கூம்பு என்பதால் ஆப்புப் போல் செயல்பட்டு, கை கொடுக்கும் அழுத்தத்தை எட்டொன்பது மடங்காக்குகிறது. உள்முகத்தில் உள்ள மெல்லிய மரைகள் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து, உலோகத்தை உலோகத்தோடு உரசவைக்கின்றன.

கிளட்ச் பாதி பிரிந்திருந்தால், இந்த வளையம் ஷாஃப்டை மட்டுமல்லாமல் என்ஜினையே தணிக்கப் போராட வேண்டும். குழாயில் தங்கிய காற்றுக் குமிழ் புதிய கியர் பாக்ஸைத் தின்பது இப்படித்தான். தவறான எண்ணெயும் அதே வேலையைச் செய்யும். அச்சுகளின் கியர்களுக்கென உருவான ஜிஎல்-5 வகையில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். கடும் அழுத்தத்தில் எஃகைக் காப்பாற்றும் அந்தச் சேர்மங்களில் சில, பித்தளையை அரிக்கும். வளையத்துக்குத் தேவையான உராய்வையும் அவை குறைத்துவிடுகின்றன. பின்னாளைய ஜீப் கையேடுகள் ஏஎக்ஸ்-15க்குச் சொல்வது 75டபிள்யூ-90, ஜிஎல்-3. இப்போது அது அரிதென்றால், பித்தளைக்குத் தீங்கற்றது என்று தயாரிப்பாளர் உறுதி கூறும் ஜிஎல்-4. அளவு மூன்று லிட்டரை ஒட்டி. பக்கவாட்டுத் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்ற வேண்டும். பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன்பே ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வடித்த பிறகு அது இறுகிக் கிடப்பது தெரிந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

முதல் சில நூறு கிலோமீட்டர்களில் குளிர்ந்த காலையில் இரண்டாவது கியர் சற்று முரண்டு பிடிக்கலாம். எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது மரைகள் படலத்தைக் கிழிக்க நேரம் எடுக்கும், பெட்டி சூடானதும் சரியாகிவிடும். சூடான பிறகும் முரண்டினால் கியர் பாக்ஸைத் திறக்கும் முன் கிளட்ச் முழுதாகப் பிரிகிறதா என்று சோதிக்க வேண்டும்: வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடும்போது கிளட்சை மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல் உரசும் ஓசை கேட்டால் தட்டு இன்னும் சுழல்கிறது. குழாயில் மீண்டும் காற்றை வெளியேற்றுங்கள்.